ஒரு வாத்திய கோஷ்டியாவது அனுப்பக்கூடாதா?

1965-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி. லண்டன் நகரம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மணி அதிகாலை 3-ஐத் தாண்டிவிட்டது.

பிரிட்டிஷ் பிரதம மந்திரி ஹெரால்டு வில்சன் மட்டும் தூங்கவில்லை. டெலிபோனும் கையுமாக இருந்தார்.

மறுமுனையில் இருந்தவர் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். வாஷிங்டனில் அப்போது இரவு 10 மணிக்கு மேல்.

"நான் உடனே புறப்பட்டு வருகிறேன். நேரில் பேசுவோம்" என்றார் வில்சன்.

ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. எதற்கு வரவேண்டும் என்று கேட்டார். பேச்சு சூடாயிற்று.

"மலேசியாவில் என்ன செய்யவேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். வியட்நாமில் என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லாதீர்கள்" என்றார் ஜான்சன்.

அதோடு விடவில்லை. "உதவி செய்ய ஆசை இருந்தால் ஆட்களை அனுப்புங்கள். கொரில்லாக்களைச் சமாளிக்கக்கூடிய ஆட்களை அனுப்புங்கள்" என்றார்.

இந்தப் பேச்சு அப்போதே குறிப்பெடுக்கப்பட்டது. பல வருடங்கள் கழித்து அமெரிக்க சர்க்காரே அதை வெளியிட்டது. அதனால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இருவரும் பகைவர்கள் அல்ல. இரண்டு நாடுகளும் ஒரே அணி. ஹிட்லரை எதிர்த்துச் சேர்ந்து போரிட்டவை. 1950-ல் கொரியாவிலும் சேர்ந்தே போரிட்டவை. அப்படிப்பட்ட சிநேகிதர்களுக்குள் ஏன் இந்தச் சண்டை?

ஜான்சன் ஒரு யுத்தத்தில் இறங்கியிருந்தார். துணைக்கு வா என்று சிநேகிதனைக் கூப்பிட்டார். சிநேகிதன் வரவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

வராத சிநேகிதனை வற்புறுத்தலாமா? கடனைக் காட்டி, காசைக் காட்டி, கோபத்தைக் காட்டி இழுக்கலாமா?

வியட்நாம் யுத்தத்தின்போது இந்தக் கேள்வி பல நாடுகளின் வாசற்கதவைத் தட்டியது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னது.

கொடி வேண்டும்

வியட்நாம் 1954-ல் இரண்டாகப் பிரிந்தது. ஜெனீவா நகரில் கூடிய மகாநாடு அந்தக் கோட்டைப் போட்டது. வடக்கே ஹோ சி மின் தலைமையில் கம்யூனிஸ்டு ஆட்சி. தெற்கே அமெரிக்காவின் ஆதரவு பெற்ற ஆட்சி. தெற்கில் கொரில்லாச் சண்டை மூண்டது. வடக்கு அதற்கு உதவியது. தெற்கைக் காப்பாற்ற அமெரிக்கா வந்தது.

1964 முடியும்போது அங்கே இருந்த அமெரிக்க ராணுவத்தினர் சுமார் 23 ஆயிரம் பேர். அடுத்த ஒரே வருடத்தில் அது 1 லட்சத்து 84 ஆயிரம் ஆயிற்று. 1969-ல் 5 லட்சத்து 40 ஆயிரத்தையும் தாண்டியது.

ஜான்சனுக்குச் சிப்பாய்கள் குறைவில்லை. அப்படியானால் மற்ற நாட்டுப் பட்டாளம் எதற்கு?

கொடிக்காக!

அமெரிக்கா மட்டும் தனியே நின்று ஓர் ஆசிய நாட்டில் குண்டு போட்டால் உலகம் என்ன சொல்லும்? உள்ளூரில் ஓட்டுப்போட்டவர்கள் என்ன சொல்வார்கள்? பக்கத்தில் நாலு கொடி பறந்தால் அது பொது யுத்தம். இல்லாவிட்டால் அமெரிக்காவின் சொந்த யுத்தம்.

1964 ஏப்ரலில் ஜான்சன் இதைப் பகிரங்கமாகவே கேட்டார். அந்த முயற்சிக்கு "இன்னும் பல கொடிகள்" என்றே பெயர் வந்தது. அமெரிக்கத் தூதர்கள் நாடு நாடாகப் போய்க் கேட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஜான்சனுக்குத் தேவைப்பட்ட கொடி ஒன்று உண்டு. அது பிரிட்டனின் கொடி.

1964 டிசம்பரில் வில்சன் வாஷிங்டனுக்குப் போனார். அவர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வயது 48. எந்நேரமும் வாயில் புகைக் குழாய். நிதானமாகப் பேசுகிறவர். ஜான்சனோ ஆறடி மூன்று அங்குல உயரம். ஒருவரை வழிக்குக் கொண்டுவர நினைத்தால் மூக்கோடு மூக்கு உரசும்படி குனிந்து நின்று பேசுவார். தோளில் கை போடுவார். சட்டை மார்பைப் பிடிப்பார். அமெரிக்கப் பார்லிமெண்டில் பெரிய பெரிய தலைவர்களையெல்லாம் இப்படியே மடக்கியவர்.

வில்சனிடமும் கேட்டார். வில்சன் அசையவில்லை.

"ஒரு பேக் பைப் கோஷ்டியையாவது வியட்நாமுக்கு அனுப்பும்படி ஜான்சன் கெஞ்சுகிறார்" என்று வில்சன் தம் மந்திரிகளிடம் சொன்னாராம். பேக் பைப் என்பது ஸ்காட்லாந்து சிப்பாய்கள் வாசிக்கும் வாத்தியம். தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழலை ஊதுவார்கள்.

துப்பாக்கி வேண்டாம், குழல் போதும் என்ற அளவுக்கு இறங்கிவந்தார் ஜான்சன்! அதுவும் கிடைக்கவில்லை.

நாலே நாலு ஓட்டு

வில்சன் ஏன் மறுத்தார்?

முதல் காரணம், பார்லிமெண்டில் அவருடைய பலம். எதிர்க்கட்சிகளையெல்லாம் சேர்த்து எண்ணினால் தொழிற்கட்சிக்கு நாலே நாலு ஓட்டுதான் அதிகம். அந்தக் கட்சியிலேயே வியட்நாம் யுத்தத்தை வெறுத்தவர்கள் பலர். பட்டாளம் புறப்பட்டால் மந்திரி சபை கவிழும்.

இரண்டாவது காரணம் மலேசியா. தமிழர் பலர் குடியேறி வாழும் அந்த நாடு 1963-ல் உருவானபோது இந்தோனேசியா எதிர்த்தது. போர்னியோ காடுகளில் சண்டை நடந்தது. மலேசியாவுக்குத் துணையாக அந்த வட்டாரத்தில் பிரிட்டன் 50 ஆயிரம் பேருக்கு மேல் வைத்திருந்தது. "எங்கள் பங்கை நாங்கள் அங்கே செய்கிறோம்" என்றார் வில்சன்.

மூன்றாவது காரணம் ஜெனீவா. 1954 மகாநாட்டுக்குத் தலைமை வகித்த இரண்டு நாடுகள் பிரிட்டனும் சோவியத் ருஷியாவும். "மத்தியஸ்தம் செய்யவேண்டியவன் கத்தியைத் தூக்கலாமா?" என்பது அவருடைய வாதம்.

இதெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் வில்சன் ஒரேயடியாகக் கையை உதறவும் இல்லை. வாயளவில் அமெரிக்காவை ஆதரித்தார். மலேசியாவில் இருந்த பிரிட்டிஷ் காட்டுப்போர்ப் பள்ளியில் தென் வியட்நாம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பட்டாளம் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இதனால் அவரை இரண்டு பக்கமும் திட்டினார்கள். ஜான்சன் போதாது என்றார். லண்டன் மாணவர்கள் அதிகம் என்றார்கள்.

ஒரு படை, 100 கோடி டாலர்

1965 கோடைக்காலத்தில் பிரிட்டனுக்குப் பெரிய சங்கடம் வந்தது. அது பணச் சங்கடம்.

வெளிநாட்டில் வாங்கும் சாமான் அதிகம், விற்கும் சாமான் குறைவு என்றால் எந்த நாட்டுக்கும் கையிருப்பு கரையும். பிரிட்டனுக்குக் கரைந்தது. ஒரு பவுனுக்கு 2 டாலர் 80 சென்ட் என்பது அப்போதைய மதிப்பு. அதைக் குறைத்துவிடுவார்கள் என்ற வதந்தி பரவியது. பவுன் வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாக விற்றார்கள். தாங்கிப் பிடிக்கக்கூடிய கை ஒன்றுதான் இருந்தது. அது அமெரிக்காவின் கை.

ஜான்சனின் ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி. அவர் ஜூலை 28-ந் தேதி ஜனாதிபதிக்கு ஒரு குறிப்பு எழுதினார். வியட்நாமில் பிரிட்டிஷ் கொடி இல்லாதபோது பவுனை நாம் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை என்று எழுதினார். பவுனுக்கு நெருக்கடி வரும் அந்த நேரத்தில் வியட்நாமில் ஒரு பிரிட்டிஷ் பிரிகேட் இருந்தால் அது 100 கோடி டாலர் பெறும் என்றும் எழுதினார்.

பிரிகேட் என்றால் சில ஆயிரம் சிப்பாய்கள். அந்தச் சில ஆயிரம் பேருக்கும் தாய் தகப்பன் உண்டு. பெண்டாட்டி பிள்ளை உண்டு. அவர்களுக்குத் தெரியாமல், கடல் தாண்டி ஓர் அறையில் அவர்களுக்கு விலை போடப்பட்டது.

இந்த விலையை ஜான்சன் கேட்டாரா? கடைசியில் கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பவுன் மதிப்பைக் குறைக்கக்கூடாது, மலேசியா, சிங்கப்பூர் பக்கத்துப் பிரிட்டிஷ் படையை வாபஸ் வாங்கக்கூடாது என்ற அளவோடு அமெரிக்கா நிறுத்திக்கொண்டது. வில்சன் தலையாட்டினார். செப்டம்பரில் அமெரிக்கா முன்னின்று பல நாட்டு மத்திய வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு பவுனைத் தாங்கியது.

அந்த வாக்கும் நிலைக்கவில்லை. 1967 நவம்பரில் பவுன் 2 டாலர் 40 சென்ட்டாக இறங்கியது. 1968 ஜனவரியில், கிழக்கே உள்ள படைகளைத் திரும்ப அழைக்கப்போவதாக வில்சனே அறிவித்தார். இல்லாதவனிடம் வாக்கு வாங்கினால் கதி இதுதான்.

ஜான்சன் பக்கத்து நியாயம்

ஜான்சன் கேட்டதே தப்பு என்று சொல்லிவிட முடியாது.

அந்தக் காலத்தில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க சிப்பாய்கள் காவல் நின்றார்கள். யாரைக் காக்க? ஐரோப்பாவைக் காக்க. டெக்ஸாஸ் மாகாணத்து விவசாயி மகன் லண்டனுக்காகவும் பாரிஸுக்காகவும் சாகத் தயாராக நிற்கும்போது, லண்டன்காரன் பத்துப் பேரை அனுப்பமாட்டேன் என்றால் எரிச்சல் வராதா?

பேப்பரில் எழுதிய ஒப்பந்தமும் இருந்தது. 1954-ல் மணிலாவில் 8 நாடுகள் கூடி, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்து காப்பது என்று கையெழுத்துப் போட்டன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகியவை அந்த 8 நாடுகள். யுத்தம் வந்தபோது பிரிட்டன், பிரான்ஸ், பாகிஸ்தான் மூன்றும் படை அனுப்பவில்லை.

பிரான்ஸுக்கு அனுபவம் இருந்தது. அதே வியட்நாமில், தியன் பியன் பூ என்ற இடத்தில், 1954-ல் தோற்று வெளியேறிய நாடு அது. அமெரிக்காவும் ஜெயிக்காது என்று பிரெஞ்சு ஜனாதிபதி டிகால் எச்சரித்தார். 1966-ல் பக்கத்து நாடான கம்போடியாவுக்கே போய்ப் பகிரங்கமாகப் பேசினார்.

கனடா பிரதம மந்திரி லெஸ்டர் பியர்சன் சமாதானத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். வியட்நாமில் ஜெனீவா ஒப்பந்தத்தைக் கண்காணித்த மூன்று நாடுகளில் கனடாவும் ஒன்று. இந்தியா, போலந்து மற்ற இரண்டு. 1965 ஏப்ரல் 2-ந் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலேயே நின்று, வடக்கு வியட்நாமில் குண்டுவீச்சைச் சிறிது நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்று பியர்சன் பேசிவிட்டார். மறுநாள் ஜான்சன் அவரைத் தம் மலை மாளிகைக்கு அழைத்தார். விருந்தாளியின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுக்கு வந்து என் கம்பளத்தையே அசிங்கம் செய்துவிட்டீர்கள்" என்று கத்தினார் என்பார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கனடா தூதருக்கு வெலவெலத்துவிட்டது.

பியர்சன் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஊர் திரும்பினார். கனடா பட்டாளம் வியட்நாமுக்குப் போகவே இல்லை.

பிறந்த நாள் குலுக்கல்

மறுத்தவர்கள் கதை இது. சம்மதித்தவர்கள் கதை என்ன?

ஆஸ்திரேலியாவை அதிகம் வற்புறுத்தவே வேண்டியிருக்கவில்லை. பிரதம மந்திரி மென்சீஸ் 1965 ஏப்ரல் 29-ந் தேதி பார்லிமெண்டில் எழுந்து, ஒரு பட்டாளம் போகிறது என்றார். தென் வியட்நாம் கேட்டதால் அனுப்புகிறோம் என்றார். உண்மையில் தென் வியட்நாமின் கடிதம் அன்று மாலைதான் வந்து சேர்ந்தது! அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டு, கடிதத்தைப் பிறகு கேட்டு வாங்கினார்கள். நாளைக்கு நமக்கு ஆபத்து வந்தால் அமெரிக்கா வரவேண்டும். அதற்கு இன்றைக்கே தவணை கட்டிவிடுவோம் என்பது ஆஸ்திரேலியாவின் கணக்கு.

தவணை கட்டியவர்கள் யார்?

20 வயது வாலிபர்கள்.

கட்டாய ராணுவ சேவைக்குக் குலுக்கல் நடந்தது. ஒரு பீப்பாய். அதற்குள் சின்னச் சின்ன மர உருண்டைகள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு பிறந்த தேதி. பீப்பாயைச் சுழற்றி உருண்டைகளை எடுப்பார்கள். எடுத்த தேதியில் பிறந்தவன் பட்டாளத்துக்கு! எடுக்காத தேதியில் பிறந்தவன் வீட்டுக்கு! முதல் குலுக்கல் 1965 மார்ச் 10-ந் தேதி நடந்தது. பிறகு வருடத்துக்கு இரண்டு முறை.

ஒரே தெருவில் இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் திங்கட்கிழமை பிறந்தான், மற்றவன் செவ்வாய்க்கிழமை பிறந்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் ஒருவன் காட்டுக்குப் போனான், மற்றவன் கல்லூரிக்குப் போனான்.

இதில் இன்னொரு வேடிக்கை. அப்போது ஆஸ்திரேலியாவில் ஓட்டுப்போடும் வயது 21. சாகப் போகிற பையனுக்கு, அனுப்புகிற சர்க்காரைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை! 1973-ல்தான் அந்த வயதை 18 ஆகக் குறைத்தார்கள்.

மென்சீசுக்குப் பிறகு வந்த ஹெரால்டு ஹோல்ட் 1966 ஜூன் மாதம் வாஷிங்டனுக்குப் போனார். "கடைசிவரை ஜான்சனோடு" என்று வெள்ளை மாளிகையில் நின்று சொன்னார். அது ஜான்சனின் தேர்தல் கோஷம். இன்னொரு நாட்டுப் பிரதமர் அதை எடுத்துச் சொன்னதும் ஆஸ்திரேலியாவில் பலருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அந்த வருடக் கடைசியில் நடந்த தேர்தலில் ஹோல்ட் அமோகமாக ஜெயித்தார். ஜனங்கள் அப்போது யுத்தத்தை ஆதரித்தார்கள். இதை மறைக்கக்கூடாது.

காலம் போகப் போக மனம் மாறியது. "எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்" என்று தாய்மார்கள் சங்கம் அமைத்தார்கள். மெல்பர்ன் நகரில் கட்டாய சேவையை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஐந்து பெண்மணிகளை 1971-ல் ஈஸ்டர் பண்டிகைச் சமயத்தில் ஜெயிலில் போட்டார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அந்தத் தாய்மார்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஊரெல்லாம் அதே பேச்சாயிற்று.

1972 டிசம்பரில் புதிய சர்க்கார் வந்தது. வந்தவுடன் கட்டாய சேவையை நிறுத்தியது. அதற்குள் சுமார் 60 ஆயிரம் ஆஸ்திரேலியர்கள் வியட்நாமுக்குப் போயிருந்தார்கள். 500-க்கும் அதிகம் பேர் திரும்பவில்லை. அவர்களில் சுமார் 200 பேர் உருண்டையில் தேதி வந்ததால் போனவர்கள்.

டாலர் சம்பளம்

அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகப் படை அனுப்பிய வெளிநாடு தென் கொரியா. உச்ச கட்டத்தில் சுமார் 50 ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள். 1964 முதல் 1973 வரை போய் வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம்.

அந்த நாட்டின் நிலை வேறு. கொரியா யுத்தம் 1953-ல்தான் ஓய்ந்திருந்தது. ஊரெல்லாம் வறுமை. வடக்கு எல்லையில் எதிரி. காவலுக்கு நின்றது அமெரிக்கப் படை. நாம் போகாவிட்டால் அந்தக் காவல் படையை எடுத்து வியட்நாமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ஜனாதிபதி பார்க் சுங் ஹீ பயந்தார். பேரமும் பேசினார். 1966 மார்ச்சில் அமெரிக்கத் தூதர் எழுத்து மூலமாகவே வாக்குக் கொடுத்தார். கொரியப் படைக்குப் புதிய ஆயுதம், சிப்பாய்களுக்கு அமெரிக்கப் பணத்தில் படி, கொரியக் கம்பெனிகளுக்கு வியட்நாமில் கான்டிராக்ட் என்று அதில் பல விஷயங்கள் இருந்தன.

சிப்பாய்கள் வீட்டுக்கு டாலர் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. தம்பி தங்கையைப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. வியட்நாமில் ரோடு போடவும் கட்டடம் கட்டவும் போன கொரியக் கம்பெனிகள் பிறகு உலகமெங்கும் பேர் வாங்கின. கொரியா நிமிர்ந்ததில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது.

சுமார் 5 ஆயிரம் கொரிய வீரர்கள் அங்கே மாண்டார்கள்.

செத்தது அவர்கள் மட்டுமல்ல. 1968 பிப்ரவரி 12-ந் தேதி, பொங் நி என்ற வியட்நாம் கிராமத்தில் 70-க்கும் அதிகமான கிராமவாசிகள் கொல்லப்பட்டனர். அன்று வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்த ஒரு சிறுமி, பாட்டி வயதில் சியோல் நகரத்துக் கோர்ட்டுக்கு வந்து வழக்குப் போட்டார். கொரியப் படையினர் செய்த காரியத்துக்குக் கொரிய சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று 2023 பிப்ரவரியில் கோர்ட் தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து 55 வருடம் ஆகியிருந்தது. சம்பள பேரம் பேசிய பார்க் சுங் ஹீ அப்போது உயிரோடு இல்லை.

பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் எதிர்க்கட்சியில் இருந்தபோது படை அனுப்பக்கூடாது என்றார். ஜனாதிபதியானதும் 1966-ல் சுமார் 2 ஆயிரம் பேரை அனுப்பினார். ரோடு, பாலம் கட்டும் படை அது. அதற்கு அமெரிக்கா கொடுத்த பணத்தை 1969-ல் அமெரிக்க செனட் கமிட்டியே தோண்டி எடுத்தது. கூலிப்படையா என்று உலகம் கேட்டது. அந்த வருடமே படை ஊர் திரும்பத் தொடங்கியது. "இன்னும் பல கொடிகள்" என்று கேட்டார்களே, அதில் சில கொடிகளுக்கு ரசீது இருந்தது!

கோதுமைக் கப்பல்

இந்தியா எந்த அணியிலும் சேராத நாடு. படை கேட்க வழியில்லை. ஆனாலும் அந்த யுத்தத்தின் சூடு நம் நாட்டையும் தொட்டது.

1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலை. அப்போது உணவு மந்திரியாக இருந்தவர் தமிழ்நாட்டுக்காரரான சி. சுப்பிரமணியம்.

ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பவில்லை. கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். இந்தியா தன் விவசாயத்தைச் சீர்திருத்தவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் இந்திரா காந்தி வியட்நாம் குண்டுவீச்சை எதிர்த்துப் பேசியது அவருக்குக் கசந்ததும் உண்மை.

"போப்பாண்டவரும் ஐ.நா. தலைவர் ஊ தாண்டும் சொல்வதைத்தானே இந்தியாவும் சொல்கிறது?" என்று அமெரிக்கர்களிடம் எடுத்துச் சொல்லப்பட்டது.

"போப்பாண்டவருக்கும் ஊ தாண்டுக்கும் நம்முடைய கோதுமை வேண்டியதில்லையே!" என்று பதில் வந்தது.

அந்தச் சொல் டெல்லியில் சுருக்கென்று தைத்தது. இந்தியா பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் இனிக் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்து இறங்கியது.

சசெக்ஸில் இறங்கினாலும்...

கேட்பது வேறு, பிடரியைப் பிடிப்பது வேறு. சிநேகிதனிடம் உதவி கேட்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தம் இருந்தால் உரிமை இன்னும் அதிகம். ஆனால் இவ்வளவு சிநேகிதர்கள் ஒரே சமயத்தில் தயங்குகிறார்களே, ஏன் என்று ஜான்சன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். மூன்று பேர் தயங்கினார்கள். மூன்று பேருக்கும் வியட்நாம் புதிதல்ல. அவர்கள் சொன்னது பயத்தால் அல்ல என்று பிறகு தெரிந்தது. 1975 ஏப்ரல் 30-ந் தேதி சைகோன் விழுந்தது. அமெரிக்கர்களில் 58 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். வியட்நாமியரில் மாண்டவர்கள் பல லட்சம். கொடி நாலு பறந்தும் முடிவு மாறவில்லை.

ஆத்திரம் மட்டும் சீக்கிரம் ஆறவில்லை. அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டீன் ரஸ்க் ஒருநாள் லண்டன் 'டைம்ஸ்' நிருபர் லூயி ஹெரனிடம் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"எங்களுக்கு ஒரே ஒரு பட்டாளம்தான் வேண்டும் என்றோம். பிளாக் வாட்ச் போதும் என்றோம். நீங்கள் கொடுக்கவில்லை. இனிமேல் எங்களை எதிர்பார்க்காதீர்கள். எதிரி சசெக்ஸில் வந்து இறங்கினாலும் நாங்கள் விரலை அசைக்கமாட்டோம்!"

சசெக்ஸ் என்பது இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை ஜில்லா. பிளாக் வாட்ச் என்பது ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பட்டாளம். பேக் பைப் வாசிக்கும் பட்டாளம்தான்.

ரஸ்க் சொன்னது நடந்ததா? நடக்கவில்லை. 1982-ல் பாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டன் அர்ஜெண்டினாவோடு சண்டைக்குப் போனபோது, அமெரிக்கா ஏவுகணை கொடுத்தது, எரிபொருள் கொடுத்தது. வியட்நாமுக்கு வராததை யாரும் சொல்லிக் காட்டவில்லை. மாட்டேன் என்று சொன்னதால் சிநேகம் முறியவில்லை.

ஆனால் லண்டனில் அந்தப் பயம் தங்கிவிட்டது போலிருக்கிறது. 2003-ல் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தபோது துணை தேடியது. பக்கத்து நாடான துருக்கிக்குப் பல நூறு கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அமெரிக்கப் படைக்கு வழிவிடவேண்டும் என்று கேட்டது. மார்ச் 1-ந் தேதி துருக்கிப் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 264. எதிர்ப்பு 250. நடுநிலை 19. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது சட்டம். மூன்று ஓட்டு குறைந்தது. வழி கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் பிரதம மந்திரி டோனி பிளேர், வில்சனைப் போல மறுக்கவில்லை. சுமார் 46 ஆயிரம் பேரை அனுப்பினார்.

2004 அக்டோபரில் அமெரிக்கா இன்னும் ஓர் உதவி கேட்டது. பல்லூஜா நகரைத் தாக்க அமெரிக்கப் படை போகவேண்டும். அது இருந்த இடத்தில் காவலுக்கு பிரிட்டிஷ் படை வேண்டும் என்றது. தெற்கே பாஸ்ராவில் இருந்த பிரிட்டிஷ் படையிலிருந்து 850 பேரைப் பாக்தாத் பக்கம் அனுப்பினார்கள்.

அனுப்பிய பட்டாளம், பிளாக் வாட்ச்!

நவம்பர் 4-ந் தேதி அவர்கள் நின்ற சோதனைச் சாவடியில் தற்கொலைக்காரன் ஒருவன் காரோடு வந்து வெடித்தான். பிளாக் வாட்ச் வீரர்கள் மூன்று பேரும், அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன ஈராக்கியர் ஒருவரும் அந்த இடத்திலேயே மாண்டனர். அடுத்த மாதம் பட்டாளம் ஊர் திரும்பியது.